புதிய கருவியும் மூன்று கேள்விகளும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)

 

இம்மேடையிற் பேசும்படி காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டபோது, "உமக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் பேசும்" என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்தவை இரண்டே. ஒன்று, புதிது புதிதாக வருகின்ற மின்கருவிகள். மற்றது வீடியோ விளையாட்டுக்கள். இதைச் சொன்னதும் அவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், "பெரியவர்களும் வருவார்கள், பார்த்துப் பேசும்" என்று மட்டும் கூறினார். பார்த்தே பேசுகிறேன்.

பெரியோர்களின் குறை நான் அறியாததன்று. "பிள்ளைகள் கையிலிருக்கும் கண்ணாடித் துண்டை விட்டுத் தலை நிமிர்வதில்லை, ஆண்டுக்கொரு கருவி வேண்டுமென்கிறார்கள், விளையாட்டென்று பொழுதையும் பணத்தையும் தொலைக்கிறார்கள்" என்பதே அது. வாலிபர்களின் மறுமொழியும் நான் அறிந்ததே. "உலகம் முன்னேறுகிறது, இவர்களுக்கு இது விளங்காது" என்பார்கள். இரு திறத்தாரும் பாதி உண்மையையே பேசுகிறார்கள் என்பது எனது அபிப்பிராயம். புதியதெல்லாம் கெட்டதென்பவரும் சரி, புதியதெல்லாம் நல்லதென்பவரும் சரி, ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். இருவரும் பொருளைப் பரீட்சித்துப் பார்ப்பதில்லை.

பரீட்சிப்பது எப்படி? நான் மூன்று கேள்விகளை வைத்திருக்கிறேன். இக்கருவி எதற்கு உதவும்? விலை கொடுத்த பின் இது யாருடையது? இதை நான் ஆட்டுவிக்கிறேனா, அன்றி இது என்னை ஆட்டுவிக்கிறதா? இம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்வோம்.

முதற் கேள்விக்கு ஒரு கதை சொல்லுகிறேன். யப்பானிலே கியோட்டோ நகரத்தில் 1889ஆம் ஆண்டு தொடங்கிய நின்ரெண்டோ என்னும் கம்பனி, தொடக்கத்தில் விளையாட்டுச் சீட்டுக்கள் செய்து விற்றது. 1965இல் குன்பெய் யொக்கோய் என்ற வாலிபர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். சீட்டு அடிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பதே அவருக்கிட்ட தொழில். ஓய்வு நேரத்தில், நீட்டிப் பிடிக்கும் மடக்குக் கை ஒன்றைத் தமது பொழுதுபோக்குக்காகச் செய்து வைத்திருந்தார். அதனைக் கண்ட முதலாளி தண்டிக்கவில்லை. விற்பனைப் பொருளாக்கும்படி பணித்தார். 1966இல் வெளிவந்த அந்த விளையாட்டுப் பொருள் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. வேலை நேரத்தில் எதையோ குடைந்துகொண்டிருக்கும் பையனைக் காணும் பெரியோர்கள் இதனைச் சற்றே நினைவில் வைப்பார்களாக!

பின்னர் ஒருநாள், அதிவேகப் புகையிரதத்திற் சென்ற யொக்கோய், பக்கத்திலிருந்த உத்தியோகத்தர் ஒருவர் பொழுது போகாமல் கணக்குப் பொறியின் பொத்தான்களை அழுத்திக் கொண்டிருப்பதைக் கண்டார். அக்காலத்திற் கணக்குப் பொறிகள் மலிந்து, அவற்றின் சிறு திரையும் உள்ளுறுப்புக்களும் விலை குறைந்திருந்தன. அவற்றைக் கொண்டே 1980இல் கையடக்கமான ஒரு விளையாட்டுக் கருவியைச் செய்தார். பழகிப்போன, மலிவான தொழில்நுட்பத்தை எடுத்துப் புதிய வழியிற் பயன்படுத்த வேண்டும் என்பதே அவரது கொள்கை.

இக்கொள்கைக்கு 1989இல் ஒரு சோதனை வந்தது. அவ்வாண்டிலே அவரது குழுவினர் 'கேம் போய்' என்னும் கருவியை வெளியிட்டனர். அதன் திரையில் நிறமில்லை, பின்னொளியும் இல்லை. அடுத்த ஆண்டில் சேகா என்ற மற்றொரு கம்பனி, ஒளியும் நிறமும் நிறைந்த 'கேம் கியர்' என்னுங் கருவியைக் கொண்டு வந்தது. இரண்டையும் கடையில் அருகருகே வைத்தால், எந்தப் பிள்ளையும் நிறமுள்ளதையே கேட்கும். ஆனால் சேகாவின் கருவி ஆறு பற்றரிகளைத் தின்று 3 முதல் 5 மணித்தியாலம் வரையிலேயே ஓய்ந்துவிடும். கேம் போயோ நான்கு பற்றரிகளுடன் ஏறக்குறைய 15 மணித்தியாலம் ஓடும். விலையும் குறைவு, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. 1990-91 வளைகுடா யுத்தத்திலே குண்டு வீச்சில் எரிந்து உருகிய கேம் போய் ஒன்று, பின்னரும் இயங்கிற்று. அதனை நியூயோர்க்கிலுள்ள அக்கம்பனியின் கடையிற் பல ஆண்டுகள் காட்சிக்கு வைத்திருந்தார்கள். முடிவில், கேம் போயும் அதன் பின்வந்த நிறத்திரைப் பதிப்பும் சேர்ந்து 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேல் விற்றன. கேம் கியர் ஏறத்தாழ ஒரு கோடியோடு நின்றது.

பற்றரியின் பெருமையை நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டிலே நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. அந்த இரவுகளில் எந்தக் கைத்தொலைபேசியின் திரை அழகானது என்று எவரும் கேட்கவில்லை. எது இன்னும் அணையாமல் இருக்கிறது என்றே கேட்டோம்.

அதே யொக்கோய் 1995இல் 'வேச்சுவல் போய்' என்ற கருவியில் தோல்வி கண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணோடு பொருத்திப் பார்க்கும் அக்கருவி சிவப்பு நிறத்தையே காட்டும். பார்த்தவர்களுக்குத் தலைவலி வந்தது. ஓராண்டுக்குள் அதன் விற்பனை நின்றது. ஆகவே, செய்தவர் பெயரைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள். பொருளைப் பார்த்தே வாங்குங்கள். 2025 யூன் 5ஆம் திகதி வெளிவந்த ஸ்விற்ச் 2 என்னும் கருவி நான்கு நாளில் 35 இலட்சத்துக்கு மேல் விற்றது. அமெரிக்காவில் அதன் அறிமுக விலை 449.99 டொலர், நமது காசில் ஒரு இலட்சத்து இருபதினாயிரத்துக்குக் குறையாது. நல்ல கருவிதான். ஆனால் நம்முள் ஒருவர் அதை வாங்குமுன், எத்தனை மாதச் சம்பளம் என்று விரல் மடக்கிப் பார்ப்பது கேவலமன்று.

இனி இரண்டாவது கேள்வி: விலை கொடுத்த பின் இது யாருடையது?

2024 ஏப்பிரலில் ஹியூமேன் என்ற அமெரிக்கக் கம்பனி, சட்டையிற் குத்திக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவுக் கருவியொன்றை விற்கத் தொடங்கியது. கைத்தொலைபேசிக்குப் பதிலாக வந்ததென்றும், உள்ளங்கையிலே ஒளியால் எழுத்தைக் காட்டுமென்றும் விளம்பரம் செய்தார்கள். விலை 699 டொலர். மாதந்தோறும் 24 டொலர் வேறு. ஓராண்டு நிறையவில்லை. 2025 பெப்ரவரியில் அக்கம்பனியின் உடைமைகளை எச்.பி. நிறுவனம் 11 கோடியே 60 இலட்சம் டொலருக்கு வாங்குகிறதென்ற அறிவித்தல் வந்தது. பத்து நாட் தவணையில், அம்மாதம் 28ஆம் திகதியுடன், விற்ற கருவிகள் யாவும் சேவையிழந்தன. கருவி உடையவில்லை, பழுதாகவுமில்லை. எங்கோ தொலைவிலுள்ள கணினி மறுமொழி சொல்வதை நிறுத்திற்று, அவ்வளவே. வாங்கியவர் கையிலே ஒரு சட்டை ஊசி மிஞ்சிற்று.

நேர்மையாக நடந்தவர்களும் உண்டு. கூகிள் நிறுவனம் 2019இல் தொடங்கிய 'ஸ்ரேடியா' என்னும் விளையாட்டுச் சேவையை 2023 சனவரியில் மூடியபோது, தன் கடையிலே வாங்கிய கருவிகளுக்கும் விளையாட்டுக்களுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கைப்பிடிக் கருவிகளை வேறிடங்களிற் பயன்படுத்தவும் வழி செய்தது. ஆயினும் எல்லாரும் அப்படிச் செய்வாரென எதிர்பார்க்க முடியாது. 2024இல் ஒரு காரோட்ட விளையாட்டின் சேவை நிறுத்தப்பட்டு, காசு கொடுத்து வாங்கியவர்களே அதை ஆட முடியாமற் போயிற்று. இதனை எதிர்த்து ஐரோப்பாவில் எழுந்த மனுவிற் பத்து இலட்சம் பேருக்கு மேல் 2025 யூலைக்குள் ஒப்பமிட்டார்கள். கலிபோர்ணியா மாநிலத்திலே 2025 சனவரி முதல், உண்மையில் அனுமதியை மாத்திரம் விற்கும் டிஜிற்றல் வியாபாரிகள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்று எழுதக் கூடாதென்பது சட்டம்.

எங்கள் வீட்டில் அப்பா வாங்கிய பழைய வானொலிப் பெட்டி ஒன்று இருக்கிறது. சந்தியிலுள்ள திருத்துநர் நான்கு ஆணிகளைக் கழற்றி அதைத் திறப்பார், ஒரு கம்பியைப் பற்றவைப்பார், மறுபடி பாடும். நான் முதற் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த கைப்பட்டியோ, நெஞ்சுத் துடிப்பை எண்ணுவதென்று பேர் பெற்றது, இரண்டாண்டில் லாச்சிக்குள் அடங்கிவிட்டது. பற்றரி மாற்ற வேண்டும்; ஆனால் அதைத் திறக்க வழியில்லை, ஒட்டிவிட்டார்கள். அம்மா அதை எறியவும் விடவில்லை. "பிள்ளை வாங்கித் தந்தது" என்று வைத்திருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியம், கையடக்கக் கருவிகளின் பற்றரியைப் பாவிப்பவரே கழற்றி மாற்றக் கூடியதாயிருக்க வேண்டுமென விதித்து, 2027 பெப்ரவரி 18ஆம் திகதியை அதற்குத் தவணையாக வைத்திருக்கிறது. அச்சட்டத்தின் பயன் நமது சந்திக் கடைக்கும் வந்து சேரட்டும்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. இதை நான் ஆட்டுவிக்கிறேனா, இது என்னை ஆட்டுவிக்கிறதா?

விளையாட்டு இயல்பிலே தீயதன்று. 1984இல் மொஸ்கோவிலே அலெக்சி பஜித்னொவ் என்ற கணினி அறிஞர் செய்த 'ரெற்றிஸ்', விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்கும் விளையாட்டு. அதில் இரத்தமில்லை, வஞ்சனையில்லை. பேரனும் பாட்டனும் ஒருங்கே ஆடலாம். 2011இல் 'போல்டிற்' என்ற விளையாட்டை ஆடியவர்கள், குரங்குகளைத் தாக்கும் வைரசொன்றின் நொதியத்தின் அமைப்பை மூன்று வாரத்துக்குள் கண்டு காட்டினார்கள். அது விஞ்ஞானிகளுக்குப் பத்தாண்டுக்கு மேலாகப் பிடிபடாதிருந்த புதிர்.

ஆனால் வேறொரு வகை உண்டு. அது இலவசமென்று உள்ளே அழைக்கும். பின்னர் மூடிய பெட்டியொன்றைக் காட்டி, "காசு கொடு, உள்ளே என்னவென்று பார்" என்னும். இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியவனாயிருக்கிறேன்.

என் தம்பி உயர்தரம் படிக்கிற காலத்தில், அம்மாவின் தொலைபேசியில் இப்படியான விளையாட்டொன்றை ஆடினான். ஒருநாள் அம்மா மின்சாரக் கட்டணம் செலுத்தப் போனபோது கணக்கிற் பணமில்லை. 18,000 ரூபா, சிறுகச் சிறுக, பெட்டிகளிற் போயிருந்தது. நான் கையோங்கினேன். அவன் அழவில்லை. "நீங்கள்தானே அண்ணா எனக்கு இதைப் பழக்கினீங்கள்" என்றான். ஓங்கிய கை தானாக இறங்கிற்று. அவன் சொன்னது உண்மை. அவ்விளையாட்டை அவனுக்குக் காட்டியவன் நான். முதற் பெட்டியைச் சிரித்துக்கொண்டே திறந்து காட்டியவனும் நான்.

அன்றிரவு இருவரும் ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தோம். நூறில் ஒரு பெட்டியில் அரிய பரிசு இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். நூறு பெட்டி திறந்தால் நிச்சயம் கிடைக்கும் என்றே அவன் எண்ணியிருந்தான். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நூறு பெட்டி திறந்த பின்னும் வெறுங்கையோடு நிற்பவர் நூற்றுக்கு ஏறக்குறைய 37 பேர். தம்பி அந்த எண்ணை நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தான். பின்னர் தானாகவே அவ்விளையாட்டை நீக்கினான். என் கோபம் செய்யாததை ஒரு பக்கக் கணக்குச் செய்தது.

2018இல் பெல்ஜியம் இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டமென்றே தீர்மானித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு 2022 சனவரி முதல் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அதிகம் ஆடுபவரெல்லாம் நோயாளரென்று அந்நிறுவனம் சொல்லவில்லை. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்றெல்லாவற்றையும் விட ஆட்டத்துக்கே முதலிடம், கேடு விளைந்தும் விடாமை ஆகிய மூன்றும், வழக்கமாக ஓராண்டு காலம், காணப்பட வேண்டும். தென்கொரியா 2011இல், நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்குமிடையிற் பதினாறு வயதுக்குட்பட்டோர் இணைய விளையாட்டு ஆடலாகாதெனச் சட்டமியற்றி, பத்தாண்டின் பின் அச்சட்டத்தைத் தானே நீக்கிற்று. வீட்டார் அருகிலிருந்து செய்ய வேண்டியதைச் சட்டம் முற்றாகச் செய்துவிடாது.

ஆதலால் பெரியோர்களிடம் ஒன்று கேட்கிறேன். "அதை வை" என்று சொல்லுமுன், "அது என்ன, எனக்கும் காட்டு" என்று ஒருமுறை கேளுங்கள். காட்ட வெட்கப்படுகிற விளையாட்டானால் பிள்ளைக்கே விளங்கிவிடும். வாலிப நண்பர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு இளையவன் ஒருவன் உங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கொண்டிருக்கிறான் என்பதை மறவாதீர்கள். நீங்கள் திறக்கிற பெட்டியை நாளை அவன் திறப்பான்.

நமது சங்கத்துக்கும் ஒரு யோசனை உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இம்மண்டபத்திலே இரண்டு மேசைகளை இடுவோம். ஒன்றிற் பழுதான கருவிகளைத் திறந்து பார்ப்போம். திருத்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் நமக்குப் பழக்கட்டும். மற்றதிற் பெரியோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடட்டும். அம்மாவின் கைப்பட்டியை முதல் ஆளாக நான் கொண்டு வருகிறேன். திருத்த முடியாவிட்டாலும், ஏன் முடியாதென்று திறந்து பார்த்து அறிவோம்.