நிக்கல் கலவை முலாமும் கரைசலின் இயல்பும்

(கரமனையில் மாணவர், அலுவலர் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற உரை)

கரமனைப் பாலத்தைக் கடந்து நாகர்கோவில் சாலையில் சென்றால் பாப்பனங்கோடு தொழிற்பேட்டையை அடையலாம். நாடெங்கும் உள்ள இத்தகைய பேட்டைகளில் முலாம் பூசும் சிறு பட்டறைகளைக் காணலாம். அவற்றுக்கு வேண்டிய நிக்கலில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது. ஆகவே முலாம் தொட்டியின் வேதியியல் அந்நியச் செலாவணியோடும் தொடர்புடைய பொருளாகும்.

1969ஆம் ஆண்டு கனடாவின் சட்பரியில் நடந்த சுரங்க வேலைநிறுத்தம் உலகெங்கும் நிக்கல் தட்டுப்பாட்டை உண்டாக்கியது. அதன்பின் எழுபதுகளில் நிக்கல்-இரும்புக் கலவை முலாம் வணிக அளவில் பரவிற்று. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 20 மைக்ரான் கனத்துக்குத் தூய நிக்கல் பூச ஏறத்தாழ 178 கிராம் தேவை. நான்கில் ஒரு பங்கு இரும்பாயின், அதில் சுமார் 50 கிராம் நிக்கல் மிச்சமாகும். சிக்கனம் கண்கூடு. ஆனால் இச்சிக்கனத்தைத் தீர்மானிப்பது விலைப்பட்டியல் அன்று, கரைசலே.

1916இல் வாட்ஸ் என்பவர் வகுத்த கரைசலே இன்றும் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. அதில் நிக்கல் சல்பேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் ஆகிய மூன்றும் உள்ளன. சல்பேட் உலோகத்தை வழங்குகிறது. குளோரைடு நேர்மின்வாய் சீராகக் கரைய உதவுகிறது. போரிக் அமிலத்தின் பணி எளிதில் புலப்படுவதில்லை. எதிர்மின்வாயில் உலோகத்துடன் சிறிதளவு ஹைட்ரஜனும் வெளிப்படுவதால் அவ்விடத்தில் அமிலத்தன்மை குறைகிறது. அக்குறைவைத் தடுக்காவிடில் ஹைட்ராக்சைடு படிந்து முலாம் நொறுங்கும் இயல்பு பெறும். மலிவானது என்று போரிக் அமிலத்தை அலட்சியம் செய்யும் பட்டறை, முலாத்தை இருமுறை பூச நேரிடும்.

இரும்பைச் சேர்த்ததும் வியப்பான ஒன்று நிகழ்கிறது. மின்னழுத்த வரிசைப்படி நிக்கலே முதலில் படிய வேண்டும், நிகழ்வதோ நேர்மாறு. கரைசலில் இருக்கும் விகிதத்தைவிடப் பன்மடங்கு விகிதத்தில் இரும்பு படிகிறது. பிரென்னர் இதனை இயல்பு மீறிய உடன்படிவு என்று வகைப்படுத்தினார். கரைசலைக் கலக்கும் வேகம் கூடினாலும் படிவில் இரும்பு கூடும். எனவே இரும்பு உப்பைச் சற்றே மிகுதியாக இட்டுவிட்டால், திறந்தவெளியில் பயன்படும் பொருளில் செந்நிறக் கறை தோன்றும். சேமித்த நிக்கலின் மதிப்பு வாடிக்கையாளரின் புகாரில் கரைந்துவிடும்!

இன்னொரு தொல்லையும் உண்டு. காற்றுப் பட்டு ஈரிணைதிற இரும்பு மூவிணைதிற இரும்பாக மாறுகிறது. அதன் ஹைட்ராக்சைடு துகள்கள் முலாத்தில் சிக்கிச் சொரசொரப்பை உண்டாக்குகின்றன. இதனாலேயே பிஎச் மதிப்பை 3 முதல் 3.5 வரை தாழ்வாக வைத்துக்கொண்டு, இரும்பைக் கரைசலில் நிறுத்தச் சிட்ரேட், குளுக்கோனேட் போன்ற பிணைப்பான்களைச் சேர்க்கின்றனர். சாக்கரின் சேர்த்தால் முலாத்தின் உள்விசை தணிகிறது. ஆயின் அதன் கந்தகம் சிறிதளவு படிவில் நுழைவதால், உயர்வெப்பத்தில் பயன்படும் பாகங்களுக்கு அது ஆகாது. டங்ஸ்டனின் கதை வேறு. நீர்க்கரைசலிலிருந்து தனியே படியாத அவ்வுலோகம், சிட்ரேட் கரைசலில் நிக்கலின் துணையோடு படிகிறது. தீங்கு மிக்க அறுதிற குரோமியத்துக்கு மாற்றாக அக்கலவை கருதப்படுவதால் அதன்மீது கவனம் திரும்பியுள்ளது.

இந்தப் பிணைப்பான்களே கழிவுநீரில் இடையூறாகின்றன. சாதாரணக் கழுவுநீரில் சுண்ணாம்பு சேர்த்தால் நிக்கல் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். சிட்ரேட்டுடன் பிணைந்த நிக்கல் அவ்வாறு எளிதில் படிவதில்லை. தெளிந்த நீராகவே வெளியேறும். நீர்நிலைகளில் விடும் கழிவில் நிக்கல் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்பது விதி; குடிநீரிலோ இந்தியத் தர நிர்ணயப்படி 0.02 மில்லிகிராமே வரம்பு. அருவிக்கரையில் திருவனந்தபுரத்தின் குடிநீருக்குப் பயன்படும் கரமனையாறு, கீழே கிள்ளியாற்றையும் சேர்த்துக்கொண்டு கடலை நோக்கிச் செல்கிறது. இவ்வகை ஆறுகளின் கரையில் தொழில் அனுமதி வழங்கும் அலுவலர், தொட்டியின் கொள்ளளவோடு அதிலுள்ள பிணைப்பானின் பெயரையும் கேட்டறிதல் வேண்டும். பட்டறை கலவைக் கரைசலின் கழுவுநீரைத் தனிக் குழாயில் பிரித்து, எதிரோட்ட முறையில் கழுவினால், நீரும் குறையும். உள்ள நிக்கலைத் தொட்டிக்கே திருப்பவும் இயலும். அதற்கான முதலீட்டுக் கணக்கில், மீட்கும் நிக்கலின் விலையை வரவுப் பக்கத்தில் எழுதிப் பார்த்த பின்னரே கடன் விண்ணப்பத்தை நிராகரிப்பதா என்று வங்கி முடிவு செய்தல் முறையாகும்.