கையறுநிலையும் முல்லைப் பூவும்



இறந்தோரை எண்ணி இரங்கிப் பாடும் பாடலைக் 'கையறுநிலை' என்று நம் முன்னோர் வழங்கினர். செய்வதறியாது செயலற்று நிற்றல் என்பது அதன் பொருள். அவ்வாறு நிற்கும் புலவர்க்கு மலரும் நிலவும் எங்ஙனம் துணையாகின்றன என்பதைப் புறநானூற்றுப் பாடல்கள் இரண்டனைக் கொண்டு இன்று காண்போம்.

பள்ளி மலர்களுக்கென மாணவர் எழுதித் தந்த இரங்கற்பாக்கள் பலவற்றை நான் படித்திருக்கிறேன். அவற்றில் வானம் அழும், கடல் கதறும். இயல்பாகப் பெய்யும் மழையைக் கண்ணீர் என்று கூறுவது தற்குறிப்பேற்ற அணியாகும். அழகிய அணிதான். ஆயினும், அதனை நாடாமலேயே நெஞ்சை உருக்க வல்லவர் சங்கப் புலவர்.

ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மறைந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடியது 242ஆம் பாட்டு. தலைவன் மாண்ட பின்னரும் அவன் நாட்டில் முல்லை வழக்கம்போல் மலர்கிறது. இளைஞர், மகளிர், பாணர், பாடினி ஆகிய எவரும் அதனைச் சூடப் போவதில்லை. யாருக்காக மலர்கின்றாய் என்னும் கருத்துப்பட அம்முல்லையையே புலவர் வினவுகிறார்.

இங்கே முல்லை வாடவில்லை, அழவுமில்லை. அது மலர்ந்து நிற்பதே நமக்குத் தாங்கவொண்ணாததாகிறது. மேலும், அகப்பாடல்களில் முல்லை கார்காலத்து மலர். பிரிந்து சென்ற தலைவன் மீள்வான் என்று தலைவி ஆற்றியிருக்கும் ஒழுக்கத்திற்கு உரியது. மீட்சியை நினைவூட்டும் அம்மலர், இனி மீளாதவனுடைய நாட்டில் பூத்தது. அதனால் துயரம் இருமடங்காகிறது என்பது என் கருத்து.

பாரி மகளிர் பாடிய 112ஆம் பாட்டோ ஐந்தே அடிகள் கொண்டது. முன்னைய திங்களின் வெண்ணிலவில் தந்தை இருந்தார். பறம்பு மலையும் தம்மிடம் இருந்தது. இன்றைய வெண்ணிலவில் இரண்டும் இல்லை. இவ்வளவே செய்தி. அழுகை என்றோ துன்பம் என்றோ ஒரு சொல்லும் அதில் இல்லை. நிலவு சிறிதும் மாறாது வந்து நிற்பதால், மாறிப்போனவை யாவை என்பது தெளிவாக விளங்குகிறது.

இயற்கை நம் துயரை அறியாது. அவ்வுண்மையை மறைக்காமல் பாடியதனாலன்றோ, இப்பாடல்கள் இருபது நூற்றாண்டளவு கடந்தும் நம்மை வருத்துகின்றன!

மாணவர்களே, இவ்விரு பாடல்களையும் மூலத்திலேயே வாய்விட்டுப் படியுங்கள். என்றேனும் அன்புடையார் ஒருவரைப் பற்றி எழுத நேர்ந்தால், வானத்தை அழச் செய்வதற்கு முன், அவர் வாழ்ந்த வீட்டின் முற்றத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அவர் நட்ட மரம் அங்கே காய்த்துக்கொண்டிருக்கலாம். அதனை உள்ளவாறே எழுதுங்கள், அதுவே போதும்.