என்ஜினுக்கும் நல்ல தண்ணி



டிவிஎஸ் ஃபிஃப்டி ஓட்டிய ஆட்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். 1980-இல் ஓசூரிலிருந்து வந்த வண்டி. பங்க்கில் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றுவார்கள், கிளம்பும்போது பின்னால் நீலமாய்ப் புகை கட்டும். அந்த டூ ஸ்ட்ரோக் என்ஜின் இப்போது ரோட்டில் அபூர்வம். ஆனால் விடிவதற்கு முன்னால் பழவேற்காட்டுக் கரையில் நின்று பாருங்கள், அதே குடும்பத்துச் சத்தம் கேட்கும். ஃபைபர் படகின் பின்பக்கம் மாட்டியிருக்கும் அவுட்போர்டு மோட்டார். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் போய் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றோடு என்ஜினும் குடும்பத்தில் ஓர் ஆளாகிவிட்டது.

பழவேற்காட்டு ஏரிக்குள் மீன்பிடிக்க இந்த என்ஜின் அவ்வளவு தேவையில்லை. ஆள் இறங்கி நடக்கலாம், பல இடங்களில் அவ்வளவுதான் ஆழம். கழி ஊன்றியே படகைத் தள்ளிவிடுவார்கள். கடலுக்குப் போக வேண்டுமென்றால் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தைத் தாண்டியாக வேண்டும். அங்கேதான் வினை. மணல் சேர்ந்து வாய் அடைத்துக்கொள்ளும். எஞ்சிய வழியில் அலை மடங்கி விழும். படகு கவிழ்ந்தால் ஆள் நீந்திக் கரையேறிவிடுவார், என்ஜின் உப்புத் தண்ணீரைக் குடித்துவிடும்.

அப்படிக் குடித்த ஒரு என்ஜினைப் பிரித்துக் கட்டுவதைக் கூட இருந்து பார்த்தேன். எதிரே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாள் அது. அன்றைக்குக் கடலுக்குப் போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் மெக்கானிக்குக்குக் கை ஓய்வாக இருந்தது. அறுபது வயதிருக்கும். குப்பத்தில் எல்லாருக்கும் அவர் மாமா. பட்டறை என்று தனியாக ஒன்றும் இல்லை. வீட்டுத் திண்ணையில் விரித்த ஒரு சாக்கு, பக்கத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிய அலுமினியத் தட்டு, அவ்வளவுதான்.

"எப்ப கவுந்துச்சு?" என்று கேட்டார்.

"நேத்து சாயங்காலம் மாமா."

"தூக்கினதும் தண்ணில போட்டியா?"

படகுக்காரத் தம்பி பதில் சொல்லவில்லை. வாசலில் நின்ற அவருடைய அம்மா சொன்னார்: "நல்ல தண்ணி ரெண்டு கொடம்தான் இருந்திச்சு. சோறாக்க வேணாமா?"

இந்த வேலையின் முக்கியமான இடம் இதுதான். மூழ்கிய என்ஜினை உடனே பிரிக்க முடியாவிட்டால், மெக்கானிக் வரும்வரை நல்ல தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைக்க வேண்டும். கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும். துருப்பிடிக்கத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். உப்பு ஈரத்தோடு காற்றில் ஒரு ராத்திரி கிடந்தால் போதும். அதிலும் டூ ஸ்ட்ரோக்கில் ஆபத்து அதிகம். கார் என்ஜினில் அடியில் ஆயில் தேங்கி நிற்கும். இதில் எரிபொருளோடு கலந்த ஆயில் போகிற போக்கில் பேரிங்கை நனைத்துவிட்டுப் போவதுதான். தண்ணீர் வந்து அதைக் கழுவிவிட்டால் கிராங்க்கில் இருக்கும் ஊசி ஊசியான உருளைகளுக்குப் பாதுகாப்பே இல்லை. ஆனால் கிணற்றுத் தண்ணீரே உப்புக் கரிக்கும் ஊரில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

மாமா முதலில் பிளக்கைக் கழற்றினார். அதற்கு முன்னால் யாரையும் கயிற்றை இழுக்க விடவில்லை. தண்ணீர் அமுங்காது, சிலிண்டரில் அது நிற்கும்போது வேகமாக இழுத்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகலாம். பிறகு தலைப் பக்கத்து போல்ட்டுகள். உடம்பு அலுமினியம், போல்ட் இரும்பு, நடுவில் உப்புத் தண்ணீர். மூன்றும் சேர்ந்தால் பேட்டரி மாதிரிதான். அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்து போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். சூடு காட்டுவார், லேசாகத் தட்டுவார், கால் சுற்று திருப்புவார், திரும்பவும் முறுக்குவார். ஒரே ஒரு போல்ட்டுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. "அவசரப்பட்டா உள்ளயே ஒடிஞ்சிடும் மாப்ள" என்றார். இரண்டு முறை டீ வந்தது.

சிலிண்டர் வெளியே வந்ததும் கருவி எதையும் எடுக்கவில்லை. விரல் நகத்தை உள்சுவரில் குறுக்காக ஓட்டினார். "மாட்டுது." நகம் மாட்டினால் கோடு ஆழம் என்று அர்த்தம். போர் போட்டு, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் வாங்க வேண்டும். அதைத் திண்ணையில் செய்ய முடியாது, சென்னையில் காசிமேடு பக்கம் கடைசல் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அந்தக் கோடு கவிழ்ந்ததால் வந்ததல்ல என்றும் சொன்னார். என்ஜின் காலுக்குள் ஓர் உள்ளங்கை அளவு ரப்பர் சக்கரம் இருக்கிறது. வெளித் தண்ணீரை உறிஞ்சி என்ஜினைக் குளிர்விப்பது அதுதான். மணல் கலங்கிய தண்ணீரில் அதன் இறகுகள் தேய்ந்து போயிருந்தன. பின்னால் பென்சில் கனத்துக்குப் பீய்ச்ச வேண்டிய தண்ணீர் பல நாளாகவே சொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இப்படிப் பிரித்துக் கட்டுவது பழவேற்காட்டில் மட்டும் அல்ல. கனடாவில் பனிமேல் ஓடும் ஸ்கிடூ வண்டியை பொம்பார்டியர் என்பவர் 1959-இல் கொண்டுவந்தார். அங்கேயும் நெடுங்காலம் இதே டூ ஸ்ட்ரோக்தான், வீட்டுக் கொட்டகையில் பிரித்துப் போடுவதும் இப்படியேதான். அவுட்போர்டு செய்யும் யமஹாவே 1968-இல் பனிவண்டியும் விற்றது. இந்த என்ஜினில் கேம் இல்லை, கேம் திறந்து மூடும் வால்வும் இல்லை. பிஸ்டனின் அடிப்பக்கத்தையே பம்பாக்கிய ஜோசப் டே என்ற ஆங்கிலேயருக்கு இரண்டு ஊர்த் திண்ணைகளும் கடன்பட்டவை.

பத்து நாள் கழித்து மறுபடி போனேன். பட்டறையிலிருந்து சிலிண்டர் வந்திருந்தது. புது ரிங்கைத் தனியாக உள்ளே வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, இரண்டு முனைக்கும் நடுவே தகடு விட்டு இடைவெளி பார்த்தார் மாமா. பிஸ்டன் பின்னுக்கு கிளிப் மாட்டுவதற்கு முன்னால் கிராங்க் வாயைப் பழைய புடவைத் துணியால் அடைத்தார். கிளிப் தெறித்து உள்ளே விழுந்தால் எல்லாவற்றையும் திரும்பப் பிரிக்க வேண்டுமே! ஆயில் சீல் அத்தனையும் புதுசு. கிராங்க் அறையில் காற்றுக் கசிந்தால் இந்த என்ஜின் உறிஞ்சாது.

பெட்ரோலில்தான் கிளப்பினார்கள். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி பெட்ரோல். மண்ணெண்ணெய் கார்புரேட்டரில் தங்கிவிட்டால் மறுநாள் விடியலில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். புது பிஸ்டன் பழகும்வரை ஆயிலை இரண்டு மடங்கு கலக்கச் சொன்னார், முழு வேகம் கூடாது என்றார்.

டிரம்மில் என்ஜின் காலை இறக்கி, நல்ல தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்தார்கள். ஏழாவது இழுப்பில் பிடித்தது. புகை திண்ணையை மறைத்தது. பின்னால் தண்ணீர் கம்பிபோல் பீய்ச்சியது. தம்பி அதில் கையைக் காட்டிச் சிரித்தார்.

என்ஜின் நின்றதும் அம்மா டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர்மேல் எண்ணெய் ஏழு நிறமாய் மினுங்கிக்கொண்டிருந்தது. "இதுல கால்கூட கழுவ முடியாது" என்று சொல்லிவிட்டு, இரண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு தண்ணி லாரி நிற்கும் பக்கம் நடந்தார்.