நாய்க்குட்டியும் குடற்புழுவும்



நான் பணிபுரியும் தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், ஒரு திங்கட்கிழமை காலை அழுத கண்களோடு வந்து நின்றான். ஒரு மாதமே ஆன அவனுடைய நாய்க்குட்டி முந்திய நாள் இறந்துவிட்டது. வயிறு பானைபோல் உப்பியிருந்ததாம். வாந்தியில் வெள்ளைப் புழுக்கள் வந்தனவாம். "நான் சீனி போட்ட பால் கொடுத்ததால்தானே ஐயா புழு வந்தது?" என்று கேட்டான்.

"இல்லை தம்பி, உன்மேல் குற்றமில்லை" என்றேன். ஏன் என்பதை இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

இனிப்பினால் புழு உண்டாவதில்லை. தாய் நாயின் தசைகளில் உருளைப்புழுவின் இளம்புழுக்கள் அடங்கிக் கிடக்கின்றன. நாய் சினையானதும் அவை கிளம்பி, கருப்பையிலிருக்கும் குட்டிகளைச் சென்றடைகின்றன. கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாக வருகிறது. குடற்சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சுகிறது. குட்டியின் ஈறு வெளிறுவது அதனால்தான். பூனைக்குட்டிக்கும் பால் வழியாக உருளைப்புழு வரும்.

ஆகவே, வயிறு உப்பட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்கலாகாது. நாய்க்குட்டிக்கு 2 வாரம் ஆனதும் முதல் புழுமருந்து கொடுக்க வேண்டும். பூனைக்குட்டிக்கு 3 வாரத்தில். அதன்பின் 8 வாரம் வரை இரண்டு வாரத்திற்கு ஒரு முறை, 6 மாதம் வரை மாதம் ஒரு முறை, பிறகு 3 மாதத்திற்கு ஒரு முறை. ஒரு தடவை போதாதா என்று கேட்பீர்கள். மருந்து குடலிலுள்ள புழுவைத்தான் கொல்லும். உடலுக்குள் திரியும் இளம்புழுக்கள் பிறகு குடலுக்கு வந்து சேரும். குட்டிகளோடு தாய்க்கும் மருந்து கொடுங்கள். அளவு எடையைப் பொறுத்தது. மனிதர் மருந்தைக் குத்துமதிப்பாகக் கொடுக்காமல், கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

வாலடியில் அரிசிமணி போன்ற துண்டுகள் தென்பட்டால் அது நாடாப்புழு. தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்குவதால் வருவது. அதற்குரிய மருந்தோடு தெள்ளுப்பூச்சியையும் ஒழிக்க வேண்டும்.

நேயர்களே, இது நாயோடு நின்றுவிடும் காரியமன்று. லயத்து வாசலில் கிடக்கும் நாய் மலத்திலிருந்து கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் ஒரு வாரத்திற்குள் ஈர மண்ணில் தயாராகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும். பிள்ளையின் பாதத்தில் வளைந்து வளைந்து செல்லும் சிவந்த கோடும் அரிப்பும் அதன் அடையாளம். உருளைப்புழு முட்டையோ மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். அழுக்குக் கையோடு அதை விழுங்கிய பிள்ளையின் ஈரலையும், சில வேளை கண்ணையும் அது பாதிக்கலாம்.

ஆனால் அந்த முட்டை உடனே நோய் தரும் நிலையை அடைவதில்லை. ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளி, பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. காய்கறிப் பாத்திக்கு அதை எருவாக இடாதீர்கள். பிள்ளைகள் வெளியே சிலிப்பர் அணியட்டும். நாயைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும்.

அந்த மாணவன் இப்போது வேறொரு குட்டி வளர்க்கிறான். மருந்து கொடுக்க வேண்டிய நாள்களையெல்லாம் வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறான். உங்கள் வீட்டு நாட்காட்டியிலும் இன்றே ஒரு வட்டம் போடுங்கள்.