சுவரில் ஒட்டிய ஒரு தாள்



1801ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், நாம் கூடியிருக்கும் இதே திருச்சிராப்பள்ளியில், கோட்டைக்குள் இருந்த ஆர்க்காட்டு நவாபின் அரண்மனை வாயிலில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. காவிரிக்கு அக்கரையில் திருவரங்கம் கோயிலின் வெளிமதிலிலும் அதன் மற்றொரு வடிவம் ஒட்டப்பட்டது. எழுதியவர் தம் பெயரை ஒளிக்கவில்லை. மருது பாண்டியன் என்றே கையொப்பமிட்டு, ஐரோப்பியரோடு எந்நாளும் இணக்கமாகாத பகைவன் என்று தம்மை அறிவித்துக்கொண்டார். ஜம்புத் தீபப் பிரகடனம் என்று வரலாற்றாசிரியர்கள் பெயரிட்டிருக்கும் இந்த அறிக்கை, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணக் கட்டுகளுக்குள் போய்ச் சேர்ந்ததால் பிழைத்தது. தாளை எழுதிய சின்ன மருதுவும் அவர் அண்ணன் பெரிய மருதுவும் ஆகிய மருது சகோதரர்களின் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். வேலும் வளரியும் தெரியும். அந்தத் தாளைத்தான் நாம் போதிய அளவு படிக்கவில்லை. 1800, 1801ஆம் ஆண்டுகளில் தென்னாட்டில் நடந்தது தனித்தனிப் பாளையக்காரர்களின் கலகங்களா, ஒரே போரா என்ற கேள்விக்கு நம்மிடம் இருக்கும் சான்றுகளில் வலிமையானது அதுதான். அது ஒரே போர் என்பதே என் துணிபு.

முதலில் அது யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். அந்தக் காலத்து அரசர் ஓலை அனுப்பினால் அது இன்னாருக்கு என்று பெயர் சொல்லிப் போகும். செப்பேடு வெட்டினால் தானம் பெற்றவரின் பெயர் அதில் இருக்கும். இந்தத் தாளுக்குப் பெறுநர் இல்லை. பார்ப்பவர் எவரோ அவர் கவனமாகப் படிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு, நான்கு வருணத்தாரையும் முஸ்லிம்களையும் சேர்த்து விளிக்கிறது. வழிப்போக்கரை நோக்கிப் பேசும் அரசியல் எழுத்து இது. அதே சமயம் அதன் சொல்முறை நம் கல்வெட்டு மரபிலிருந்து வந்தது. தானத்துக்குத் தீங்கு நினைத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று கோயில் சுவர்களில் படித்திருக்கிறோமே, அந்த ஓம்படைக் கிளவியை மருதுவின் அறிக்கை எடுத்துக்கொள்கிறது. ஐரோப்பியரிடம் ஊழியம் செய்பவர்மீதும், தாளைக் கிழிப்பவர்மீதும் அது சாபமாக இறங்குகிறது. நிலத்தையும் கோயிலையும் காத்துவந்த பழைய வாசகம் இங்கே ஒரு நாட்டைக் காக்க நிற்கிறது. இலக்கிய மன்றம் ஒன்றில் இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

அடுத்து அது என்ன சொல்கிறது என்பது. அறிவில்லாமல் நவாப் ஐரோப்பியருக்கு இடம் கொடுத்தார், இன்று கைம்பெண் போல ஆகிவிட்டார் என்கிறது. நம்மவரிடையே ஒற்றுமையும் நட்பும் இல்லாமற்போனதை அந்நியர் பயன்படுத்திக்கொண்டார்கள், சோறு தண்ணீராகிவிட்டது, மக்கள் துன்பப்படுகிறார்கள், துன்பத்தின் காரணத்தை மட்டும் அறியாதிருக்கிறார்கள் என்கிறது. பிறகு கோரிக்கை வருகிறது. நவாபுக்கும் தஞ்சை முதலான மரபுவழி அரசர்களுக்கும் அவரவர் உரிமை திரும்ப வேண்டும், ஐரோப்பியர் வேண்டுமானால் நவாபுக்குக் கட்டுப்பட்டு வாழட்டும்.

நவாபுக்கு உரிமை திரும்ப வேண்டும் என்று கேட்டவர் யார் என்பதை நினைத்துப் பாருங்கள். 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றது நவாபின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்துதான். மருது சகோதரர்கள் அந்த மன்னரின் பணியில் இருந்தவர்கள். அரசி வேலு நாச்சியாரோடு நாட்டைவிட்டுப் போய், விருப்பாட்சியில் கோபால நாயக்கரின் ஆதரவில் இருந்து, 1780இல் சிவகங்கையை மீட்டவர்கள். தம் மன்னரைக் கொன்ற நவாபின் குடும்பத்துக்கே நாட்டுரிமை திரும்ப வேண்டும் என்று அதே மருது எழுதுகிறார். சொந்தப் பகையைக் கீழே வைத்துவிட்டு, பெரிய பகை எது என்று எடைபோட்டுப் பார்த்த ஒருவரின் எழுத்து இது. தம் பாளையத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ள நினைத்தவருக்கு இந்த வாசகம் தேவைப்பட்டிருக்காது.

தாளை விட்டுக் களத்துக்கு வந்தாலும் சான்று அதே பக்கமே நிற்கிறது. 1800 ஜூனில் கோவையில் இருந்த கம்பெனிப் படையைத் தாக்கும் திட்டம் கோபால நாயக்கர் முன்னின்ற திண்டுக்கல் பக்கத்துக் கூட்டணியிலிருந்து பிறந்தது. அது தோற்று, 42 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அதே கூட்டணியினர் தொடர்பு வைத்திருந்த, கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட படைத்தலைவர் துந்தியா வாக், மைசூருக்கு வடக்கே தளபதி ஆர்தர் வெல்லெஸ்லியின் படையோடு மோதி 1800 செப்டம்பரில் மாண்டார். 1801 பிப்ரவரி 2 அன்று, 1799இல் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் உறவினரும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். கம்பெனி இடித்துத் தரைமட்டமாக்கிய அவர்களின் பாஞ்சாலங்குறிச்சி, ஒரு வாரம் கழித்து வந்த மேஜர் மெக்காலேயின் படைக்கு முன்னால் கோட்டையாக எழுந்து நின்றது. மார்ச் 31இல் அதைத் தாக்கிய படை பின்வாங்கியது. மே 24இல்தான் அது வீழ்ந்தது. அந்தப் போரில் இருந்த கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் ஒரு செய்தி இருக்கிறது. காயம்பட்டுக் கிடந்த மகனைத் தேடி ஒரு தாய் வருகிறாள். என்னை விடு, அருகில் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்று என்கிறான் மகன். ஊமைத்துரையைத் தூக்கிச் சென்ற பெண்கள், தேடி வந்தவர்களைக் கண்டதும் அவர் உடலை வெள்ளைத் துணியால் மூடி, அம்மை போட்டு இறந்தவர் என்று ஒப்பாரி வைத்தார்கள். பிழைத்த ஊமைத்துரை போய்ச் சேர்ந்த இடம் சிவகங்கைச் சீமை. அவரை ஒப்படைக்கும்படி கம்பெனி கேட்டது. மருது மறுத்தார். திருச்சியில் தாள் ஒட்டப்பட்டது இதற்குப் பிறகுதான்.

பாளையக்காரர்கள் வரி கட்ட மனமில்லாமலும், காவல் உரிமை பறிபோன கோபத்திலும் எழுந்தார்கள், அதற்கு விடுதலை என்ற பெரிய சொல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வரியும் காவலும் காரணங்களில் அடங்கும். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வரித் தகராறை மட்டும் தீர்க்க நினைப்பவர் கலெக்டரிடம் பேரம் பேசுவார். மருதுவுக்கு அந்த வழி அடைபட்டிருக்கவில்லை. வெல்ஷோடு நட்பாகப் பழகி, அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. அடைக்கலம் வந்தவரைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவர் இருந்த நிலையிலேயே இருந்திருக்கலாம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. நவாபையும் அரசர்களையும் திரும்பக் கேட்பதும், வருண வரிசையில் மக்களை விளிப்பதும் எப்படி விடுதலை ஆகும் என்பது அது. இந்தத் தாளில் வாக்குரிமை இல்லை, சமத்துவம் இல்லை, உழுபவனுக்கு நிலம் இல்லை. இருப்பதாக நாம் சொன்னால் அது பொய். ஆனால் நாட்டின்மீது அந்நியக் கம்பெனிக்கு உரிமை இல்லை என்பதைச் சொல்ல அன்றைய மனிதருக்குக் கிடைத்த மொழி அரசுரிமையின் மொழியே. அந்த மொழி எதைத் தொட்டது என்பதற்குக் கம்பெனியின் செயலே சாட்சி. தாள் ஒட்டிய 45ஆம் நாள், ஜூலை 31 அன்று, கர்நாடக ஒப்பந்தம் கையெழுத்தாகி நவாபின் ஆட்சி முழுவதும் கம்பெனி வசமானது. அந்த மாதத்தில் இறந்த நவாபின் மகனை ஒதுக்கிவிட்டு, சொன்னபடி கேட்கும் உறவினரை அமர்த்தி வாங்கிய கையெழுத்து அது. அரசுரிமை யாருடையது என்ற கேள்வியில்தான் இரு தரப்பும் நின்றார்கள். இதை முதல் விடுதலைப் போர் என்று அழைக்க வேண்டும் என்று பேராசிரியர் கே. ராஜய்யன் 1971இல் நூலெழுதி வாதிட்டார். அவருடைய ஆய்வுக்கு நாம் பெரிதும் கடன்பட்டவர்கள். எனினும் 1806 வேலூர் எழுச்சியோடும் 1857 மீரட் எழுச்சியோடும் யார் முந்தியவர் என்ற பந்தயத்தில் எனக்கு ஈடுபாடில்லை. இந்தப் போரின் தனித்தன்மை அதன் கூட்டில் இருக்கிறது.

அப்படியானால் எட்டயபுரமும் புதுக்கோட்டையும் கம்பெனிப் பக்கம் நின்றது ஏன் என்று கேட்கலாம். கூட்டு முழுமையானது என்று யாரும் சொல்லவில்லை. ஒற்றுமை இல்லையே என்று தாளே வருந்துகிறது. கம்பெனியும் அந்தப் பிளவைத் துல்லியமாகக் கண்டுகொண்டது. போர் முடியுமுன்பே, 1801 செப்டம்பரில், படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கையின் உரிமையாளராக அறிவித்து மருதுவின் ஆதரவாளர்களைக் கலைத்தது. அக்டோபர் 1இல் காளையார்கோவில் வீழ்ந்தது. அம்மாதம் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள், நவம்பர் 16இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை.

அன்று கம்பெனி செய்த பிரிவினையை இன்று நினைவில் நாமே செய்துகொண்டிருக்கிறோம் என்பது என்னை வருத்துகிறது. 1959இல் கட்டபொம்மனுக்கு ஒரு படமும் சிவகங்கைக்கு ஒரு படமுமாக இரண்டு வந்தன. பெருவெற்றி பெற்ற முதல் படம் 1799 கயத்தாற்றுத் தூக்குமரத்தோடு முடிகிறது. போரும் அங்கேயே முடிந்தது என்று தலைமுறைகள் நம்பிவிட்டன. விழாக்களும் அப்படியே. ஊர்வாரியாக, சாதிவாரியாக, ஆளுக்கொரு வீரர், ஆளுக்கொரு நாள். விருப்பாட்சி கோபால நாயக்கர் இல்லாமல் சிவகங்கை இல்லை, சிவகங்கை இல்லாமல் ஊமைத்துரையின் கடைசி மாதங்கள் இல்லை. பள்ளிப் பாடத்திலும் மணிமண்டபத்திலும் இவர்களை ஒரே கதையாக வைக்க வேண்டும், அந்தத் தாளின் முழு வாசகமும் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் பொதுமக்கள் படிக்கும்படி நிறுவப்பட வேண்டும் என்று இந்த மன்றத்தின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தூக்குக்குத் தப்பியவர்களைக் கம்பெனி பிரித்து வைக்கவில்லை. 1802 பிப்ரவரியில் 73 பேர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டார்கள். சிவகங்கை மன்னராயிருந்த வேங்கன் பெரிய உடையாத் தேவர் அவர்களில் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி, சுமார் 15 வயதுப் பையன், இன்னொருவர். தூத்துக்குடியில் அந்தப் பையனின் சங்கிலியைத் தளர்த்தியவர் அதே வெல்ஷ். 1818இல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது, தளர்ந்துபோன கிழவர் போன்ற ஒருவர் அவர் அறைக்குள் வந்து நின்றார். வெல்ஷுக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. வந்தவர் துரைசாமி. வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும்.