கீசர்ல சொட்டுற தண்ணிய அடைக்காதீங்க

மழை சீசன் வந்தாச்சு. வருஷத்துல பாதி நாள் சும்மா தொங்கிக்கிட்டு இருக்கிற கீசருக்கு சென்னையில இப்பதான் வேலை வருது. அதனால இன்னைக்குப் பேச்சு கீசர் பத்தி. எது வாங்கலாம், எத்தனை ஸ்டார் பார்க்கலாம்னு எல்லாம் பேசப்போறது இல்ல. உங்க வாடகை வீட்டு பாத்ரூம்ல ஏற்கெனவே ஒண்ணு மாட்டியிருக்கும் இல்லையா, எந்த வருஷம் வாங்கினதுன்னு ஓனருக்கே ஞாபகம் இருக்காது, அதைப் பத்தி. முதல்ல நான் பண்ண ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லிடறேன்.

வேளச்சேரியில நானும் என் தோழியும் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருந்தோம். பாத்ரூம்ல 15 லிட்டர் கீசர். குளிர் தண்ணி பைப் உள்ளே போற இடத்துல, பித்தளையில ஒரு சின்ன வால்வு இருக்கும். அதுல ஒரு குட்டி லீவர், பக்கவாட்டுல ஒரு ஓட்டை. சுவிட்ச் போட்டு அஞ்சு, பத்து நிமிஷத்துல அந்த ஓட்டையிலிருந்து தண்ணி சொட்ட ஆரம்பிக்கும். கீழே மாட்டின துண்டு தினமும் நனைஞ்சிடும். கிச்சன் சிங்க் அடைப்புக்கு வந்த பிளம்பர்கிட்ட, "அண்ணா, இதையும் கொஞ்சம் பாத்துடுங்க"ன்னு சொன்னேன். அவர் டெஃப்லான் டேப் சுத்தி அந்த ஓட்டைக்கு ஒரு டம்மி போட்டுட்டார். ரெண்டு நிமிஷ வேலை. "இனிமே சொட்டாதும்மா"ன்னார். சொட்டவும் இல்ல. மார்கழி முழுக்க அப்படியே குளிச்சோம்.

தை மாசம் ஒரு கல்யாணத்துக்காக மதுரையிலிருந்து மாமா வந்து எங்க வீட்டுல தங்கினார். ஒரு மில்லுல எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்து ரிட்டையர் ஆனவர். குளிக்கப் போனவர், துண்டைத் தோள்ல போட்டபடி அப்படியே வெளியே வந்து நின்னார்.

"ஏம்மா, அந்த வால்வை யாரு அடைச்சது?"

"சொட்டிக்கிட்டே இருந்துச்சு மாமா, அதான்..."

"அது சொட்டணும்மா. அதுக்குத்தான் அங்க வச்சிருக்கான்."

நேரா போய் எம்.சி.பி-யை இறக்கிட்டார். அன்னைக்கு பச்சைத் தண்ணியிலதான் குளிச்சார். அதுக்கப்புறம் அரை மணி நேரம் எனக்கு கிளாஸ்.

விஷயம் இதுதான். தண்ணி சூடானா விரியும். 25 டிகிரியில இருக்கிற 15 லிட்டர் தண்ணிய 65 டிகிரிக்குக் கொண்டு போனா, கிட்டத்தட்ட கால் லிட்டர் கூடுதலா இடம் கேட்கும். வெந்நீர் டேப் மூடியிருக்கு. குளிர் தண்ணி பக்கம் அந்த வால்வுக்குள்ளேயே ஒரு தடுப்பு இருக்கு, போன தண்ணி திரும்பி வராது. அப்போ அந்தக் கால் லிட்டர் எங்கே போகும்? டேங்குக்குள்ள அழுத்தம் ஏறும். ஒரு அளவைத் தாண்டினா அந்த ஓட்டை வழியா கொஞ்சம் கொஞ்சமா வெளியே வரும். நான் லீக்னு நினைச்சது, கீசர் தன் வேலையை ஒழுங்கா செய்யுற அடையாளம்.

அதை அடைச்சா உடனே வெடிச்சிடுமா? இல்ல. 65, 70 டிகிரி வந்ததும் தெர்மோஸ்டாட் கரன்ட்டை நிறுத்திடும். தெர்மோஸ்டாட் கெட்டுப்போனாலும் கட்-அவுட்னு இன்னொரு பாதுகாப்பு இருக்கு. ஆனா எங்க கீசர் எத்தனை வருஷப் பழசுன்னு யாருக்கும் தெரியாது, அந்த ரெண்டும் வேலை செய்யுதான்னு யாரும் பார்த்ததும் இல்ல. அது ரெண்டும் ஒரே நாள்ல கைவிட்டா, 2,000 வாட் காயில் நிக்காம சூடேத்திக்கிட்டே இருக்கும். அழுத்தம் இருக்கிற மூடின டேங்குல தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம தண்ணியாவே இருக்கும். நம்ம குக்கர்ல நடக்கிறதுதான். டேங்க் விரிசல் விட்டதும் அந்த அழுத்தம் போயிடும், தண்ணியில ஒரு பகுதி ஒரே நொடியில ஆவியா மாறும். ஒரு லிட்டர் தண்ணி 1,600 லிட்டருக்கு மேல ஆவியாகும். குக்கரோட வெயிட்டையும் சேஃப்டி வால்வையும் அடைச்சு வச்சு அடுப்பை எரியவிட்டு, அதுக்குக் கீழேயே உட்கார்ந்து நாங்க ஒரு மாசம் தலைக்குக் குளிச்சிருக்கோம். இதை மாமா சொன்னப்போ என் தோழி ஒண்ணுமே பேசல. அது எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு.

சரி, உங்க வீட்டுல என்ன பார்க்கணும்? அந்த வால்வுக்குக் கீழே ஒரு மக்கு வைங்க. சூடாகும்போது மட்டும் சொட்டி, அப்புறம் நின்னுட்டா, விட்டுடுங்க. துண்டு நனையுதுன்னா ஓட்டையில ஒரு சின்ன டியூப் மாட்டி தரையில இருக்கிற தண்ணி போற துவாரத்துக்கு விடச் சொல்லுங்க. டியூபோட நுனி திறந்தே இருக்கணும், நடுவுல மடங்கக் கூடாது. கீசரை ஆஃப் பண்ணி, ஆறின பிறகும் நாள் முழுக்க சொட்டுதுன்னா அது வேற. வால்வுக்குள்ள உப்போ மண்ணோ சிக்கியிருக்கலாம், வால்வே தேய்ஞ்சிருக்கலாம், இல்ல பிரஷர் பம்ப் வச்ச அபார்ட்மென்ட்னா லைன்லயே அழுத்தம் அதிகமா இருக்கலாம். அப்போதும் அடைக்கிறது வழியில்ல. வால்வை மாத்தணும், அல்லது அழுத்தத்தைக் குறைக்கணும். புது வால்வு சில நூறு ரூபாய்தான். சூடான தண்ணி பீச்சி அடிச்சாலோ, டேப்பைத் திறந்தா ஆவியும் தண்ணியுமா சீறினாலோ, பாத்ரூம்ல நின்னு ஆராய்ச்சி பண்ணாதீங்க. வெளியே வந்து எம்.சி.பி-யை இறக்குங்க. நல்லா ஆறட்டும், மெக்கானிக் வந்து பார்க்கிற வரைக்கும் திரும்பப் போடாதீங்க.

எம்.சி.பி-ன்னு சொன்னதும் இன்னொண்ணு. டேப்பைத் தொட்டா லேசா சுர்ருன்னு இருக்குன்னு சிலர் சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. தயவுசெஞ்சு சிரிக்காதீங்க. அது தண்ணியில கரன்ட் கசியுதுன்னு அர்த்தம். "எம்.சி.பி இருக்கே, ட்ரிப் ஆகிடும்"னு நினைக்கிறோம். அது வயரைக் காப்பாத்துற பொருள். 2,000 வாட் கீசர் சாதாரணமாவே 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும், அந்த லைன்ல எம்.சி.பி 16 அல்லது 20 ஆம்பியர்ல இருக்கும். மனுஷ உயிர் போக ஒரு ஆம்பியரே வேண்டாம், அதுல ஒரு சின்னப் பங்கு போதும். ஆளைக் காப்பாத்துறது ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர்னு அதுமேல எழுதியிருக்கும், ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். மாசத்துக்கு ஒரு தடவை அதை அமுக்குங்க, டப்புன்னு கீழே விழணும். விழலைன்னா எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. பழைய வீடுகள்ல அது இருக்கவே இருக்காது. வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது வாஸ்து கேட்கிறோமோ இல்லையோ, இதைக் கேட்கலாம்.

கரன்ட் ஏன் கசியுது? நம்ம ஊர்ல பெரும்பாலும் போர் தண்ணிதான் காரணம். ஷவர்ல வெள்ளையா படியுதே, அதே உப்பு காயில்மேல ஓடு மாதிரி கட்டிக்கும். சூடு தண்ணிக்குப் போகாம காயில்லயே தங்கும், ஒரு நாள் அதோட உறை வெடிப்பு விடும். முன்கூட்டியே தெரியும்: தண்ணி சூடாக முன்னைவிட நேரம் ஆகும், உள்ளே கடகடன்னு சத்தம் வரும். 15 லிட்டரை 40 டிகிரி ஏத்த 2,000 வாட்டுக்கு இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல போதும். முக்கால் மணி நேரம் ஆகுதுன்னா திறந்து பார்க்க வேண்டியதுதான். டேங்க் துருப்பிடிக்காம இருக்க உள்ளே மெக்னீசியம் கம்பி ஒண்ணு இருக்கும், டேங்குக்குப் பதிலா அது கரையும். சர்வீஸுக்கு வர்றவர்கிட்ட "அனோட் ராடு எவ்வளவு மிச்சம் இருக்கு?"ன்னு கேளுங்க. விவரம் தெரிஞ்ச வீடுன்னு நினைச்சு அவரும் கொஞ்சம் கவனமா பார்ப்பார். போர் தண்ணி வீட்டுல வருஷத்துக்கு ஒரு தடவையாவது செய்யுங்க.

கேஸ் கீசர் வேற கதை, அதுக்குத் தனியா ஒரு எபிசோட் பண்றேன். ஒண்ணு மட்டும் இப்பவே: அது பாத்ரூமுக்குள்ள இருக்கக் கூடாது. காத்து இல்லாத இடத்துல எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாசனையே கிடையாது. குளிக்கும்போது தலை சுத்தினா, வலிச்சா, கதவைத் திறந்து உடனே வெளியே வந்துடுங்க.

ஓனர்கிட்ட எப்படிக் கேட்கிறதுன்னு நிறைய பேர் கேட்பீங்க. "கீசர் சரியில்ல சார்"னு சொன்னா, "நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு பதில் வரும். நான் அடைச்ச வால்வை போட்டோ எடுத்து, "அங்கிள், சேஃப்டி வால்வு மாத்தணும், ஆர்.சி.சி.பி இல்ல, எலெக்ட்ரீஷியன் இவ்வளவு கேட்கிறார்"னு வாட்ஸ்அப்ல எழுத்துல அனுப்பினேன். டம்மி போடச் சொன்னது நான்தான்னும் எழுதினேன். வால்வு காசு நான் தர்றேன்னு சொன்னதும், ஆர்.சி.சி.பி செலவை அவர் ஏத்துக்கிட்டார். மறுநாள் கீழ் வீட்டு அக்கா கதவைத் தட்டினாங்க. அவங்க கீசர் வால்வுலயும் ஒரு டம்மி இருந்துச்சாம்.