வீட்டிலும் ஒரு வார்டு
(சொற்பொழிவு)



வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால், துணைக்குச் செல்பவரின் பால்வெட்டும் நின்றுவிடும். நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போகும். இதனை நாம் நன்கறிவோம்.

அண்டை நாடாம் சிங்கப்பூரில், சாங்கி பொது மருத்துவமனை முதலிய அரசாங்க மருத்துவமனைகள், ஏற்ற நோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் கவனிக்கின்றன. இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உயிர்வளி அளவு ஆகியன கருவிகளால் அளந்து அனுப்பப்படுகின்றன. மருத்துவர் காணொளி வழியே விசாரிக்கிறார். வேண்டியபோது தாதி வீடு தேடி வருகிறார்.

இதற்குப் பணம் யார் தருவது? கட்டிலில் படுத்தால்தான் காப்புறுதி உண்டெனில், ஏழை கட்டிலையே நாடுவான், கருவியால் பயனில்லை. இதனை உணர்ந்து, 2024 ஏப்ரல் 1 முதல், வார்டில் தங்குவோர்க்குரிய அரசாங்க உதவித்தொகை, சம்பளத்திலிருந்து சேரும் மெடிசேவ் சேமிப்பு, மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி ஆகியவற்றை வீட்டுச் சிகிச்சைக்கும் அங்கே வழங்குகின்றனர். இச்சலுகைகள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியவை.

நாம் எங்கிருப்பினும், கருவியை வீட்டுக்கு எடுத்துவருமுன் கேட்டறிவோம்: அதற்கு வாடகை உண்டா? எத்தனை நாளைக்கு? காப்புறுதி ஏற்குமா? விடையை எழுத்தில் பெற்று, இரசீதுகளைப் பத்திரப்படுத்துவோம். நோய் தீர்ந்தபின் கடன் மிஞ்சலாகாது.